தராசு முள்ளும் தளரா முயற்சியும்

பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலே முற்காலத்திற் பேசப்பட்டவை துடுப்பாட்டமும் பரீட்சைப் பேறுகளும். இக்காலத்தே பேசப்படுவன சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் உடல் நிறையுமேயாம். ஐம்பது வயதைக் கடந்த அன்பர் இருவர் சந்திப்பின், பிள்ளைகளின் சுகம் விசாரிக்குமுன் ஒருவர் மற்றவருடைய வயிற்றை நோக்குகின்றார். இதனை நாம் குறையாகக் கூறவில்லை. எம்மவரிடையே நீரிழிவு பெருகியுள்ள நிலையில் இவ்விழிப்பு வேண்டற்பாலதே. ஆசிய மக்களுக்கு நிறை சிறிது கூடினும் நீரிழிவு அணுகிவிடுகின்றது. இது பற்றியே, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவினர் 2004 ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையில், பிறர்க்கு 25 எனக் கொள்ளப்பட்ட உடற்றிணிவுச் சுட்டியின் எச்சரிக்கை எல்லையை ஆசிய மக்கட்கு 23 எனக் குறித்தனர்.

நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள், இவ்வாறு விழித்து முயல்வோர் இடைவழியிலே சந்திக்கும் தடை ஒன்றாகும். அன்பர் காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கின்றார். இரவுப் புட்டைப் பாதியாக்குகின்றார். முதல் மாதத்தில் நான்கு கிலோ குறைகின்றது, வீட்டார் வியக்கின்றனர். சில மாதங்கள் சென்றபின், நடையும் உணவும் மாறாதிருக்கவே, தராசு முள் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. இந்நிலையில் ஒருசாரார், "இது பரம்பரை உடம்பு" என்று கூறி நடையைக் கைவிடுகின்றனர். மற்றொரு சாரார் சினங்கொண்டு பட்டினி கிடக்கத் தொடங்குகின்றனர். முன்னையோர் இழந்த நிறையை ஓராண்டிற் பெற்றுவிடுவர். பின்னையோர் செயல் இன்னும் அபாயமானது. நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுவோரும் சில வகைக் குளிசைகளை உட்கொள்வோரும் வைத்தியரைக் கேளாது உணவைத் திடீரெனக் குறைப்பின், இரத்தத்திற் சீனி அளவுக்குக் கீழே இறங்கி மயங்கி விழவுங் கூடும்.

முள் ஏன் நின்றது என்பதை அறிந்தோர் இவ்விரு வழியிலும் செல்லார். முதல் வாரங்களிற் குறையும் நிறையிற் கணிசமான பங்கு நீரேயாகும். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் என்னும் மாப்பொருட் சேமிப்பு உண்டு; அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருக்கின்றது. உணவு குறைந்ததும் இச்சேமிப்புக் கரைய, நீரும் உடன் செல்கின்றது. அந்த வேகம் என்றும் நிலைக்கும் என எண்ணுதல் தவறு. இனி, 90 கிலோ நிறையுள்ளவர் 80 கிலோ ஆயினாரெனின், பத்துக் கிலோ அரிசிப் பையொன்றை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு நடப்பவருக்கு ஒப்பாவார். அதே மைதானம், அதே சுற்று, ஆயினும் செலவாகும் சக்தி குறைவு. முன்னர் அவரை மெலியச் செய்த உணவு இப்போது அவரை அந்நிலையிலே வைத்திருக்கப் போதுமானதாகிவிடுகின்றது. வரவும் செலவும் சமமாயின என்பதன்றி இதில் மாயம் யாதுமில்லை.

உடலின் சிக்கனமும் இதனோடு சேர்கின்றது. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944-45 இல், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலே அன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமாகவே முன்வந்த 36 இளைஞர்க்கு ஆறு மாதம் அரைப்பட்டினி உணவளித்து ஆராய்ந்தார். அவர்கள் தம் நிறையில் நாலிலொரு பங்கை இழந்தனர். ஓய்வில் உடல் செலவிடும் சக்தியோ ஏறக்குறைய 40 வீதம் குறைந்தது. பஞ்சம் வந்ததென உடல் கருதிச் செலவைச் சுருக்கியது. முள் நின்றுவிட்டதே என்று மேலும் பட்டினி கிடப்போர் இச்சிக்கனத்தையே வளர்க்கின்றனர். கொழுப்போடு தசையும் கரைவதால் நட்டம் இரட்டிப்பாகின்றது.

ஆயினும் எல்லாப் பழியையும் உடலின்மேற் சுமத்துதல் நீதியன்று. 1,200 கலோரிக்குக் குறைவாக உண்டும் மெலியவில்லை என முறையிட்ட பத்துப் பேரை நியூயோர்க்கில் ஆராய்ந்தோர் 1992 இல் வெளியிட்ட முடிவு எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. அவர்கள் தாம் உண்டதை உள்ளதினும் 47 வீதம் குறைத்தும், உழைப்பை 51 வீதம் கூட்டியுங் கூறியிருந்தனர். அவர்களைப் பொய்யர் என்று தள்ளிவிடல் ஆகாது. கைக்கும் வாய்க்கும் இடையே நிகழ்வதை மனம் முழுதும் பதிவு செய்வதில்லை. எமது அடுக்களையை நோக்குவோம். சோற்றைக் குறைத்தவர் சொதியின் தேங்காய்ப்பாலைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. தாளிதத்துக்கு ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. இரண்டு கரண்டி சீனியிட்ட தேநீரை நாளுக்கு ஐந்து முறை அருந்தினால், சீனியால் மட்டும் இருநூறு கலோரிக்கு அணித்தாக வரும். போகுமிடந்தோறும் தேநீரும் பலகாரமும் மறுத்தற்கரியனவாய் வந்து நிற்கும். (வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்திலே மருந்தினும் உணவின் அளவையே மிகுதியாகப் பேசினார் என்று மேடையில் விளக்குவோர், இறங்கியதும் வடைத் தட்டை நாடுவதையும் யாம் கண்டிருக்கின்றோம்.)

ஆதலின், முள் நின்றவர் முதற்கண் இரு வாரங்களுக்கு வாயிற் படுவன எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுவாராக. எண்ணெயைக் கரண்டியால் அளப்பாராக. நடையோடு தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். சுவரில் கையூன்றித் தள்ளுதலும் கதிரையில் இருந்து எழுதலும் முதியோர்க்கும் இயலும். தட்டில் பயறு, பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றின் பங்கு கூடி மாப்பொருள் குறைதல் நன்று. சிறுநீரக நோயுடையோர் மட்டும் வைத்தியர் சொற்படியே இதைச் செய்க. தராசோடு அளவுநாடாவும் துணையாகட்டும். முள் அசையாத மாதத்திலும் இடுப்பளவு குறைவதுண்டு; எம்மின ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிர்க்கு 80 உம் எல்லையெனக் கொள்ளப்படுகின்றன.

இவையெல்லாஞ் செய்தும் முள் அசையாதாயின்? அப்பொழுதும் அவர் தோற்றவரல்லர் என்பதே எமது துணிபு. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் நின்றோரிடையே நடந்து 2002 இல் வெளியான பேராராய்ச்சி ஒன்று, நிறையில் 7 வீதத்தைக் குறைத்தலையும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காக வைத்தது. பயிற்சிக் காலத்தின் முடிவில் அவர்களுட் பாதிப்பேரே அந்நிறையை எட்டினர். எனினும் அக்குழுவினரிடை நீரிழிவு தோன்றுதல் 58 வீதம் குறைந்தது. 90 கிலோ அன்பர்க்கு 7 வீதமென்பது ஆறு கிலோவுக்குச் சற்று மேல். ஆறு கிலோவைக் குறைத்து அதைக் காத்து நிற்பவரை, "இன்னும் அப்படியேதான் இருக்கிறீர்" என்று கேலி செய்யும் எம்மவர் வழக்கம் மிகவுந் தீயது. புதிதாக வந்துள்ள செமாகுளூட்டைட் போன்ற ஊசி மருந்துகளை ஏற்றுவோர்க்கும் ஓர் எல்லையில் முள் நிற்கத்தான் செய்கின்றது.

இது காரணமாகவே, சங்கங்கள் சில நடத்தும் நிறை குறைப்புப் போட்டிகளை நாம் ஆதரிப்பதற்கில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'த பிகெஸ்ட் லூசர்' என்னும் அத்தகைய போட்டியிற் கலந்தோர் பதினால்வரை ஆறாண்டு கழித்து ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். பதின்மூவர் மீண்டும் நிறை ஏறியிருந்தனர்; அவர்தம் உடல்களோ எதிர்பார்க்கத்தக்க அளவினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவிட்டுக் கொண்டிருந்தன. எமது சங்கம் பரிசளிக்க விரும்பின், மூன்று மாதத்தில் மிகுதியாக மெலிந்தவரை விடுத்து, இழந்த நிறையை இரண்டாண்டு காத்தவருக்கு அளிக்கட்டும். அதன் முதற்படியாக, விழா நாளின் தேநீர் மேசையிலே சீனியைத் தனிக் கிண்ணத்தில் வைக்குமாறு ஏற்பாட்டுக் குழுவினரை இப்பொழுதே கேட்டுக்கொள்ளுகின்றோம்.