மெழுகுப் புழுவும் நுண்ணுயிரியற் கல்வியும்

எமது பாடசாலையில் எட்டாண்டுகள் தமிழ் பயின்று, இன்று பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் நுண்ணுயிரியல் கற்கும் மாணவி ஒருவர் சென்ற விடுமுறையில் தாயாருடன் எம்மைக் காண வந்திருந்தார். "மாஸ்ரர், இவள் புழுக்களுக்கு நோய்க்கிருமி ஏத்திக் கொல்லுறாளாம். இதுக்கோ நாங்கள் இவளைப் படிப்பிச்சனாங்கள்? நீங்களாவது சொல்லுங்கோ" என்று தாயார் முறையிட்டார். மகளோ, "அது வெறும் புழுதானே அம்மா" என்றார். இருவர் கூற்றுக்கும் அன்று நாம் தக்க விடை பகரவில்லை. தேநீர் கொடுத்து, வேறு கதை பேசி அனுப்பிவிட்டோம். அவ்விடையை இம்மலரில் எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

அப்புழு, தேன்கூட்டு மெழுகைத் தின்று வாழும் ஓர் அந்துப்பூச்சியின் குடம்பி ஆகும். கலேரியா மெலோனெல்லா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். தேனீ வளர்ப்போருக்கு அது பகை. தூண்டில் போடுவோருக்கு இரை. முதிர்ந்த குடம்பி ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமும் கால் கிராம் நிறையும் பாலாடை நிறமும் உடையது. மனித உடலின் வெப்பநிலையாகிய 37 பாகை செல்சியசில் அது உயிர்வாழும். ஆய்வுகூடங்கள் பெரிதும் விரும்பும் பழ ஈயோ அவ்வெப்பத்தைத் தாங்காது. எம்மைத் தாக்கும் பற்றீரியாக்களை அவை எம்முடலில் வாழும் வெப்பநிலையிலேயே வைத்து ஆராய இவ்வியல்பு துணைபுரிகின்றது.

செய்முறையை அம்மாணவி கூறியவாறே தருகின்றோம். ஒவ்வொரு கிண்ணத்திலும் பத்துப் புழுக்கள். முதற் கிண்ணத்துப் புழுக்களை ஒருவரும் தீண்டுவதில்லை. இரண்டாவதற்கு வெறும் உப்புக் கரைசல் ஏற்றப்படும். ஏனையவற்றுக்குப் படிப்படியாகப் பத்து மடங்கு கூடும் அளவில் பற்றீரியா. வயிற்றின் கடைசிப் போலிக்கால் வழியே, ஒரு மில்லிலீற்றரின் நூறில் ஒரு பங்கு மாத்திரமே செலுத்தப்படும். மறுநாட் காலை எண்ணுவர். தொட்டாலும் அசையாதது இறந்தது. கடுந்தொற்றுற்ற புழு கரிக்கட்டை போற் கறுத்திருக்கும். இது அழுகலன்று. உட்புகுந்த கிருமியைச் சூழ்ந்து மெலனின் என்னும் கருநிறப் பொருளைப் படியவைத்து, அதனைச் சிறைப்படுத்தப் புழுவின் உடல் போராடியதன் அடையாளமே அக்கருமை. (பிள்ளைகளே, இதனை வீட்டில் முயலுதல் ஆகாது. கிருமியைக் கையாளவும், பின்னர் அழிக்கவும் தகுந்த ஆய்வுகூடம் வேண்டும்.)

உப்புக் கரைசற் கிண்ணத்தையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். இறப்புக்குக் காரணம் ஊசியா, கிருமியா என்று கேட்கும் பழக்கத்தை அக்கிண்ணம் ஊட்டுகின்றது. ஒரே அளவு கிருமி பெற்ற பத்தில் மூன்று இறக்க, ஏழு பிழைத்திருப்பதைக் கண்ட மாணவர், வீட்டில் ஒருவருக்குக் கண்ட நோய் மற்றவரை ஏன் விட்டுவைத்தது என்பதையும் சிந்திக்கத் தொடங்குவர்.

இங்கு எமது பழைய வகுப்பறை நினைவுக்கு வருகின்றது. நாம் வன்னியில் உயிரியல் கற்பித்த பாடசாலையில் நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. அதன் வில்லை உடைந்திருந்தது. பற்றீரியாவைக் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்தோம். சிவத்தல், வீங்கல், வெம்மை, நோவு என அழற்சியின் அறிகுறிகள் நான்கையும் மாணவர் மனனஞ் செய்தனர். அவர்களுட் கெட்டிக்காரன் ஒருவன், தகரம் வெட்டிய காலுடன் மூன்று நாள் வகுப்புக்கு வந்தான். நான்கு அறிகுறிகளும் அவன் காலில் இருந்தன. பரீட்சையில் அவற்றைப் பிழையின்றி எழுதியவன் தன் காலிற் காணவில்லை. எழுதிக்கொடுத்த நாமும் குனிந்து பார்க்கவில்லை. நான்காம் நாள் காய்ச்சலில் வீழ்ந்தான். உயிர் தப்பியது, கால்விரல்கள் இரண்டு தப்பவில்லை. ஆகவே, தொற்றைக் கண்ணாற் காணும் ஒரு பாடத்தை வேண்டாமென்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

குடம்பியைப் பார்த்துக் கற்றல் புதியதுமன்று. 1882இல் மெச்னிக்கோவ், கண்ணாடி போலத் தெளிந்த உடலுடைய நட்சத்திரமீன் குடம்பியில் ரோசா முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். கிருமியை விழுங்கும் தின்குழியங்களைப் பற்றிய அறிவு அதிலிருந்து வளர்ந்தது. 1908இல் அவர் நோபல் பரிசு பெற்றார். புழுவிலும் அத்தகைய கலங்கள் உண்டு. ஆயினும் பிறபொருளெதிரிகள் அதற்கு இல்லை. தடுப்பூசி எவ்வாறு நினைவை உண்டாக்குகின்றது என்பதைப் புழுவிடம் கற்க இயலாது.

தாயாரின் மனவருத்தத்தை நாம் எள்ளி நகையாடோம். ஆனால் இத்தகைய ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் எலிகளே பலியாகி வந்தன என்பதை அவர் அறிதல் வேண்டும். 1959இல் றசல், பேர்ச் என்னும் இருவர், விலங்குகளுக்குப் பதிலீடு தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என நூலெழுதி வற்புறுத்தினர். எலியின் இடத்திற் புழு வந்தமை அவ்வழியில் ஒரு படியே. விழாவுக்கு நாம் உடுத்துவரும் பட்டுச்சேலைக்காக ஆயிரக்கணக்கான புழுக்கள் கூட்டோடு அவிக்கப்படுவதையும் ஒருகணம் எண்ணுதல் நலம். (எம் இல்லத்திலும் பட்டுச்சேலைகள் உள, குறைகூறும் உரிமை எமக்கில்லை.)

மகளின் "வெறும் புழுதானே" என்ற சொல்லே எம்மை அதிகம் உறுத்தியது. பிரித்தானியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம், ஆய்வுக்குட்படும் முள்ளந்தண்டு விலங்குகளையும் பின்னர் சேர்க்கப்பட்ட கணவாய் இனத்தையும் காக்கின்றது, பூச்சிகளைக் காப்பதில்லை. அனுமதிப்பத்திரம் வேண்டாமையால் வகுப்புக்கு அது வசதியாயிற்று. சட்டம் எண்ணாது விட்டதை மாணவரும் எண்ணாது விடலாமோ? எறும்புக்கு மூவறிவு, தும்பிக்கு நாலறிவு எனச் சிற்றுயிரையும் எண்ணிவைத்தது தொல்காப்பியம். ஐம்பது புழுக்கள் போதுமெனில் நூறு வாங்குதல் தவறு. ஒவ்வொரு குழுவும் தனித்தனியே செய்யாது, வகுப்பு முழுவதும் முடிவுகளைப் பகிரலாம். கவனக்குறைவால் பிழைத்த செய்முறையை மீளச் செய்யுமுன் ஆசிரியரிடம் காரணங் கூறவேண்டும் என்ற விதியும் இருத்தல் நன்று.

இவற்றைத் தொலைபேசியில் அம்மாணவியிடம் கூறினோம். சற்று மௌனமாக இருந்துவிட்டு, தமது குழு கரைசலைத் தவறாகக் கலந்தமையால் இருபது புழுக்களை வீணாக்கியதாக ஒப்புக்கொண்டார். அடுத்த தவணையில் எம் மேல்வகுப்பு மாணவருக்கு இப்பாடத்தைத் தமிழில் விளக்க இசைந்துள்ளார். புழுவின் குருதியில் உள்ள கலத்துக்குத் தமிழென்ன என்று வினவினார். "குருதிநிணநீர்க் கலம்" என்றோம். "இவ்வளவு நீளமோ மாஸ்ரர்?" என்று சிரித்தார். சுருக்கமான சொல் அறிந்த பெற்றோர் எமக்கு அறியத் தரலாம். தாயாரும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.