பனியே பெய்யாத ஊர்ல பனி மேடை: 32,400 ரூபாய் தேவையா?



எங்க ஊர் அனுப்பம்பட்டு. கும்மிடிப்பூண்டி லோக்கல்ல மீஞ்சூர் தாண்டினதும் வர்ற ஸ்டேஷன், அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு போற பக்கம் ஒரு சின்னப் பள்ளி. அங்க வேலை பார்க்கிற என் பழைய டீச்சர் போன டிசம்பர்ல போன் பண்ணாங்க. "என்னப்பா, நீ ஆடிட்டர் ஆச்சே, ஆண்டு விழா கொட்டேஷனைக் கொஞ்சம் பாரு."

பசங்க ஆடுற ஒரு டான்ஸுக்கு 'பனிக்காலம்'னு தீம். தெர்மாகோல் பனி, பனிமனுஷன், புகை மெஷின் எல்லாம் சேர்த்து மேடைக்கு 18,000 ரூபாய். வாடகை டிரெஸ் தலைக்கு 600 ரூபாய், 24 பசங்களுக்கு 14,400. மொத்தம் 32,400. டான்ஸ் 6 நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு 5,400 ரூபாய்! பள்ளி கையில இருந்ததோ 5,000. மீதி எங்களை மாதிரி பழைய மாணவர்கள் கிட்டயும் பெற்றோர் கிட்டயும் வசூல்.

"ஒரு நாள்தானேப்பா, பசங்க ஆசைப்படுறாங்க"ன்னாங்க டீச்சர். ஒரு நாள் கூத்துக்கு மீசை எடுத்த கதைதான். ஆனா என்னை உறுத்தினது அந்த 18,000 இல்ல. பேச்சுவாக்குல அவங்க சொன்ன இன்னொரு விஷயம்: ரெண்டு பசங்க கால் வலின்னு டான்ஸ்ல இருந்து விலகிட்டாங்களாம். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கால் வலியா? டிரெஸ் காசு கேட்ட மறுநாள்தான் அந்த வலி வந்திருக்கு. புயல் எச்சரிக்கை வந்தா கடலுக்குப் போக முடியாத வீடுகள் அது. நமக்கு 600 ரூபாய் ஒரு பிரியாணி ஆர்டர். அங்க அது ரெண்டு நாள் வீட்டுச் செலவு.

இன்னொன்னு, பல பேருக்குத் தெரியாது. அலங்காரத்துக்குப் பயன்படுத்துற தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1-லிருந்து நாடு முழுக்கத் தடை. காசு கொடுத்து சட்டத்தை மீறி, அந்த வெள்ளை உருண்டைங்க காத்துல பறந்து ஏரியில விழணுமா?

நான் கேட்டது ஒண்ணுதான்: "டீச்சர், நம்ம ஊருக்குக் குளிர்காலம்னா என்ன?" பனிமனுஷனா? மார்கழிக் கோலம், விடியக்காலை மூடுபனி, பழவேற்காட்டுக்கு வர்ற பூநாரைக் கூட்டம். அதையே மேடை ஏத்தலாமேன்னேன். நாங்க போட்ட பட்ஜெட் இது:

* பின்னாடி கட்ட நீலத் துணி, வாடகை: 900
* சீரியல் லைட், வாடகை: 800
* சார்ட் பேப்பர், பெயின்ட், பசை: 1,100
* கட்டுக்கம்பி, நூல், ஆணி: 600
* கோலமாவு: 200
* எதிர்பாராத செலவு: 400

மொத்தம் 4,000 ரூபாய். பழைய மீன்வலையும் அட்டைப்பெட்டியும் ஊர்லயே இலவசம். நீலத் துணி மேல வலையைத் தொங்கவிட்டு லைட் போட்டா மூடுபனி மாதிரியே இருக்கும். டிரெஸ்ஸுக்கு வீட்ல இருக்கிற வெள்ளைச் சட்டை, அதுல சார்ட் பேப்பர்ல செஞ்ச இளஞ்சிவப்பு இறக்கை. பெற்றோர் செலவு பூஜ்யம். ரெண்டு எச்சரிக்கை: கோலமாவை மேடைக்கு முன்னாடி தரையில மட்டும் போடுங்க, மேல போட்டா ஆடுறவங்க வழுக்கி விழுவாங்க. பனி மாதிரி இருக்கட்டும்னு லைட் பக்கத்துல பஞ்சு வைக்காதீங்க, தீப்பிடிக்கும்.

விழாவுக்குப் போயிருந்தேன். ரெண்டு தடவை அலசியும் வலையில மீன் வாடை போகல. யாரும் கண்டுக்கல. மேடையில எண்ணிப் பார்த்தேன், 24 பேரும் இருந்தாங்க.

என் கருத்து இதுதான். எல்லாரும் சேர்ந்து கொண்டாடுற விழாவுக்கு பட்ஜெட் போடும்போது, அதிகமா கொடுக்கக்கூடியவரை அளவுகோலா வைக்காதீங்க. கடைசியா இருக்கிறவரால என்ன முடியும்னு பார்த்து அங்கிருந்து ஆரம்பிங்க. ஆபீஸ் கிறிஸ்துமஸ் அலங்காரம், டீம் அவுட்டிங், நண்பன் கல்யாண கிஃப்ட் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். உங்க டீம்லயும் யாருக்காவது திடீர்னு 'கால் வலி' வந்திருக்கலாம். கொஞ்சம் கவனிங்க.

உங்க ஆபீஸ்ல கடைசியா நடந்த வசூல் எவ்வளவு? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பார்ப்போம்!