தொகை தெரிகிறது, கணக்கு தெரியவில்லை!



"எல்லாம் இணையத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், வீட்டிலிருந்தே கட்டிவிடலாம்." நகராண்மைக் கழகங்களும் மாநகர் மன்றங்களும் இப்படிச் சொல்லி வருகின்றன. காதுக்கு இனிமையான பேச்சுதான். ஆனால் இணையத்தில் இருப்பது தொகை மட்டுமே, கணக்கு அங்கே இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோருள் சிறுவணிகர் பலர். பூக்கடை, மளிகைக்கடை, முடிதிருத்தகம், வாழையிலை உணவகம் என்று நடத்துகிறார்கள். வணிக உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்ததும் மன்றத்தின் இணையப் பக்கத்தைத் திறக்கிறார்கள். கணக்கு எண்ணை இட்டவுடன் 'துங்காக்கான்' என்ற ஒரு சொல்லும் அதற்கு எதிரே ஒரு தொகையும் தோன்றுகின்றன. அடியில் 'பாயார்' என்றொரு பொத்தான். வேறு விளக்கம் இல்லை.

கடந்த ஆண்டு என் மாணவி ஒருத்தி தந்தையின் கைப்பேசியோடு என்னிடம் வந்தாள். "துங்காக்கான் என்றால் என்ன ஐயா?" என்று கேட்டாள். "நிலுவை, கட்டாமல் நிற்கும் பணம்" என்றேன். "எதற்குக் கட்டாத பணம்?" என்று அடுத்த கேள்வி வந்தது. பக்கத்தை மேலும் கீழும் தேடினேன். எந்த ஆண்டுக்கு, எந்தக் கட்டணத்துக்கு என்று ஒரு வரிகூட அங்கே இல்லை. பத்து வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அந்தப் பக்கத்தில் விடை இல்லை!

ஒரு கடையின் பெயரில் மன்றத்துக்குச் சேர வேண்டிய பணம் பல வகைப்படும். வணிக உரிமக் கட்டணம் ஒன்று, பெயர்ப்பலகை உரிமக் கட்டணம் இன்னொன்று. சில இடங்களில் குப்பை அகற்றும் கட்டணமும் சேரும். கடை சொந்தக் கட்டடமாக இருந்தால் மதிப்பீட்டு வரி தனி. அதை ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் செலுத்துகிறோம். இவற்றோடு 'கோம்பவுன்' எனப்படும் தண்டத்தொகையும் இருக்கக்கூடும்.

இங்கேதான் முதன்மையான செய்தி இருக்கிறது. கோம்பவுன் கடன் அன்று. "இத்தொகையைக் கட்டினால் வழக்குத் தொடர மாட்டோம்" என்று மன்றம் முன்வைக்கும் ஓர் இணக்க ஏற்பாடு அது. ஏற்றுக் கட்டலாம், குறைக்கச் சொல்லி முறையீடு செய்யலாம், குற்றம் செய்யவில்லை என்று கருதினால் நீதிமன்றத்தில் வழக்காடவும் செய்யலாம். உரிமக் கட்டண நிலுவையோ முற்றிலும் வேறு. இவ்விரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டிக் காட்டினால், முறையிடும் வாய்ப்பு இருப்பதே கட்டுபவருக்குத் தெரியாமல் போகும்.

"தெரியாவிட்டால் கட்டாமல் இருக்கலாமே" என்பீர்கள். முடியாது. நிலுவை இருந்தால் பல மன்றங்கள் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கவும், கொடுத்த உரிமத்தை எந்நேரத்திலும் மீட்டுக்கொள்ளவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, இழப்பீடும் இல்லை. இத்தனை அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர், தாம் கேட்கும் பணத்துக்கு நான்கு வரிக் கணக்காவது காட்ட வேண்டாமா?

"இந்நாட்டில் பிறந்தவர்களுக்கு மலாய் தெரியாதா?" என்று சிலர் ஏளனம் செய்வார்கள். தெரியும். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கும், அண்டை வீட்டாரோடு உறவாடும் அளவுக்கும் நன்றாகவே தெரியும். அலுவலக மலாய் வேறு. அதோடு, கணக்கே இல்லாத பக்கத்தை மலாய்ப் பேராசிரியர் படித்தாலும் கணக்கு புரியப் போவதில்லை. ஆகவே மொழியை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க வேண்டாம்.

தேசிய மொழிக்கு உரிய இடத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே தேசிய மொழிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, பொதுநலன் கருதி அரசாங்க ஆவணங்களின் மொழிபெயர்ப்பைப் பிற இனத்தாரின் மொழிகளில் பயன்படுத்தும் உரிமையை மத்திய, மாநில அரசுகளுக்கு விட்டு வைத்திருக்கிறது. ஏறத்தாழ பத்துச் சொற்களுக்குத் தமிழ் விளக்கம் சேர்க்கச் சட்டம் தடையாக இல்லை. மனம்தான் தடையாக இருக்கிறது.

ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. அன்று முதல் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். வாக்குச் சீட்டால் கேள்வி கேட்க முடியாத இடத்தில் கடிதத்தால்தான் கேட்க வேண்டும். நாமோ கடிதம் எழுதுவதில்லை. இடைத்தரகரைத் தேடுகிறோம்! கட்டணத்துக்கு மேல் அவருக்கும் ஒரு தொகை கொடுத்து, அடையாள அட்டையையும் கடவுச்சொல்லையும் ஒப்படைத்துவிட்டு, "வேலை முடிந்தது" என்று பெருமூச்சு விடுகிறோம். தரகர் இல்லாத வீட்டில் அந்தச் சுமை பிள்ளையின் தலையில் விழுகிறது. அப்பாவின் கடனைப் படித்துச் சொல்வதா ஐந்தாம் ஆண்டு மாணவியின் வேலை?

பெற்றோர்களே, தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள்.

1. குறுஞ்செய்தியிலோ புலனத்திலோ வரும் இணைப்பைத் தட்டிப் பணம் கட்டாதீர்கள். மன்றத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே செல்லுங்கள்.

2. எஸ்.எஸ்.எம். வணிகப் பதிவு வேறு, மன்ற உரிமம் வேறு. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றொன்று தானாகப் புதுப்பிக்கப்படாது.

3. தொகை புரியவில்லையெனில், ஆண்டு வாரியாக, கட்டண வகை வாரியாகக் கணக்குக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

4. பழைய பற்றுச்சீட்டுகளை ஆண்டு வாரியாகக் கோப்பில் வையுங்கள். கட்டிய பணம் நிலுவையாகக் காட்டப்பட்டால், அச்சீட்டே உங்கள் சாட்சி.

ஆசிரியர்களே, நமக்கும் பங்கு உண்டு. ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு, தள்ளுபடி, வட்டி எல்லாம் கற்பிக்கிறோம். கற்பனைக் கடையின் கணக்கோடு நின்றுவிடாமல், பெயரும் எண்ணும் மறைத்த உண்மையான மன்றக் கட்டணச் சீட்டு ஒன்றை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தலாமே! பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி அதையே பெரியவர்களுக்கும் விளக்கலாம். சங்கத்தின் பெயரில் வட்டார மன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் அனுப்பலாம்.

அக்கடிதத்தில் சலுகை கேட்க வேண்டாம், தள்ளுபடியும் கேட்க வேண்டாம். இரண்டே இரண்டு கோரிக்கைகள் போதும். நிலுவையை ஆண்டு, வகை, தொகை என்று பிரித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மக்களுக்குப் புரியும் மொழிகளில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

கடைக்காரர் ஒருவர் நம்மிடம் கணக்குக் காட்டாமல் பணம் கேட்டால் கொடுப்போமா? மன்றத்திடம் மட்டும் ஏன் வாய்மூடி நிற்கிறோம்?