அடைத்த கதவும் திறந்த கதவும்

கல்வி கள்வரால் கவரப்படாத செல்வம் என்பது முன்னோர் கண்ட முடிபு. அது மெய்யே. எனினும், கற்ற கல்வியைக் கவர இயலாதவனும் கற்கும் இடத்தைக் கவர்ந்துவிடுதல் கூடும். கல்விச்சாலையின் கதவை அடைத்துவிட்டால், மேலும் கற்க விழையும் இளைஞன் எங்கே செல்வான்? இவ்வினாவை எழுப்புவது பெர்னார்டு கட்ஸ் என்பாரின் வாழ்க்கை.

ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரின் பல்கலைக் கழகம் 1409-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தொன்மை உடையது. அந்நகரில் 1911-ஆம் ஆண்டு யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர் கட்ஸ். 1929-இல் அப்பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயிலப் புகுந்த அவர், நரம்பும் தசையும் இயங்கும் திறத்தை ஆராய்வதில் பெருவேட்கை கொண்டார்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றான். அவ்வாண்டு ஏப்ரலிலேயே யூதப் பேராசிரியர் பலர் பதவி இழக்க நேர்ந்தது. புதிதாகச் சேரும் மாணவருள் யூதர் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிற்கு மேற்படலாகாது என்று சட்டமும் எழுந்தது. மே 10-ஆம் நாள் மாணவரே நூல்களைத் தீயிலிட்டனர். அறிவைக் காக்க வேண்டியவரே அதற்குக் கொள்ளி வைத்தமை கொடுமையினும் கொடுமை அன்றோ?

அவ்வாண்டில் கட்ஸின் ஆராய்ச்சி பரிசுக்குரியதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. ஆரியர் அல்லாதார்க்குப் பரிசு வழங்க இயலாது என்று பலரறிய அறிவித்த பேராசிரியர் கில்டெமைஸ்டர், பரிசுத் தொகையை மட்டும் மறைவாக அவர் கையிற் கொடுத்தார். நல்லெண்ணம் உடையாரும் மறைந்து நின்றே நன்மை செய்ய வேண்டிய நாட்டில் கல்வி எங்ஙனம் வாழும்?

1934-இல் மருத்துவப் பட்டம் பெற்ற கட்ஸ், 1935 பிப்ரவரியில் எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவராய் இங்கிலாந்தை அடைந்தார். லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஏ. வி. ஹில் அவரை ஏற்றுக்கொண்டார். ஹில், நாஜிகளின் செயலை வெளிப்படையாகக் கண்டித்தவர். நாடிழந்த அறிஞர்க்கு உதவ 1933-இல் அமைந்த கழகத்தை நிறுவினோருள் ஒருவர். அவர் திறந்த கதவின்வழிப் புகுந்த இளைஞர், 1938-இல் முனைவர் பட்டம் பெற்றார். நரம்பின் முனையிலிருந்து வேதிப்பொருள் சிறுசிறு பொதிகளாக வெளிப்பட்டுத் தசைக்குச் செய்தி சேர்க்கிறது என்பதைப் பின்னர் நிறுவினார். 1970-இல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இதனைக் கண்டு, துன்பம் இன்பமாய் முடிந்தது என்று மன அமைதி கொள்ளுதல் பிழை. 1945-இல் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். அவருள் எத்துணை மாணவர் கதவு திறவாமையால் மடிந்தனரோ! கட்ஸ் பரிசொன்றும் பெறாது எளிய மருத்துவராகவே வாழ்ந்திருப்பினும், அவர்க்கு இழைக்கப்பட்ட தீங்கு தீங்கே. அவர்க்கு அளிக்கப்பட்ட புகலிடமும் அறமே. பின்னர் வரும் புகழை எண்ணிச் செய்வது வாணிகம். துன்புறுவான் மகன் என்பது ஒன்றே கருதிச் செய்வது அறம்.

பல்கலைக் கழகத்தின் பெருமை அதன் பழமையில் இல்லை. கட்டடத்தின் உயர்விலும் இல்லை. கற்க வருவோனைக் குலம் வினவாது ஏற்கும் வாயிலில் உள்ளது. உடன் பயில்வான் ஒருவனைப் பிறப்புக் காட்டி விலக்குவார் எழுங்கால், மறைவில் இரங்குதல் போதாது. அவையில் எழுந்து மறுத்தல் வேண்டும். அதுவே கற்றார் கடன்.