எழுந்து நிற்கக் கற்பித்தோமா?

கடந்த குளிர்காலத்தில் எங்கள் பொது மருத்துவப் பிரிவையும் இயன்முறை மருத்துவப் பிரிவையும் சேர்ந்த மூவர், பத்து நாள் விடுப்பில் காஷ்மீரின் குல்மார்க்குக்குச் சென்று பனிச்சறுக்கு பயின்று வந்தோம். மூவரும் நாற்பதைக் கடந்தவர்கள். சேலத்துச் சமவெளியில் வளர்ந்த எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வயல்மேல் இறங்கும் மூட்டமும், புல் நுனியில் நிற்கும் துளியும்தான். "இந்த வயதில் இது தேவையா? கையைக் காலை உடைத்துக்கொண்டு வந்தால் நோயாளிகளை யார் பார்ப்பது?" என்று வீட்டார் கேட்டார்கள். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நோயாளர்களுக்கு நாங்கள் சொல்லிவந்த ஓர் அறிவுரை போதுமானதா என்ற ஐயத்தோடு திரும்பினோம்.

பனிச்சறுக்கு என்றதும் திரைப்படங்களில் காண்பதுபோல மலையுச்சியிலிருந்து பாய்ந்து இறங்குவதை எண்ண வேண்டாம். நாங்கள் பயின்றது 'கிராஸ் கன்ட்ரி' எனப்படும் வகை. சமதரையிலும் சிறு மேடு பள்ளங்களிலும் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு வழுக்கி நடப்பது அது. காலணியின் முன்நுனி மட்டுமே பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். குதிகால் நடக்கும்போது உயர்வதுபோலவே உயரும். இரு கைகளிலும் கோல் உண்டு. ஒரு காலால் தரையை அழுத்தித் தள்ளி, மறுகால் மேல் உடலின் முழு எடையையும் சாய்த்து வழுக்க வேண்டும். கால், இடுப்பு, முதுகு, தோள் என உடலின் பெருந்தசைகள் அனைத்தும் உழைப்பதால், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இதற்கு நிகரான பயிற்சிகள் குறைவு.

சுவீடனில் 1922 முதல் நடந்துவரும் வாசலோப்பெட் என்னும் நெடும்பந்தயத்தின் தூரம் 90 கிலோமீட்டர். அது தொடங்கும் ஊரின் பெயர் சேலன்! அவ்வூரின் பெயரைக் கேட்டால் நம் ஊரின் நினைவு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. அப்பந்தயத்தில் ஓடிய 52,755 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். மிகுதியான முறை ஓடியவர்களுக்கும் மிக வேகமாக ஓடியவர்களுக்கும் இதயத் துடிப்பு ஒழுங்கின்மை சற்றுக் கூடுதலாகவே இருந்தது. நல்ல உடற்பயிற்சிக்கும் அளவு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறோம். இதை வைத்து நாளைய நடைப்பயிற்சிக்கு விடுப்புக் கேட்டு வர வேண்டாம்.

பனியில்லா ஊரில் பிறந்தவருக்கு இது கைவருமா என்ற கேள்விக்கு நம் காவிரிக் கரையிலேயே விடை இருக்கிறது. மேட்டூருக்கு வந்து சேரும் காவிரி பிறக்கும் குடகு மாவட்டத்தைச் சேர்ந்தவர் பவானி தெக்கட நஞ்சுண்டா. பெயரும் நமக்கு அயலானதன்று. குமாரபாளையத்துக்கு அக்கரையில் உள்ள ஊரின் பெயரே அது. பனி பெய்யாத மண்ணில் வளர்ந்து, பின்னர் வடக்கே சென்று இவ்விளையாட்டைக் கற்ற அவர், 2025ஆம் ஆண்டு சிலி நாட்டில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். அவரோடு எங்களை ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். நாங்கள் முதல் நாளில் வழுக்கிய தூரம், புறநோயாளர் பிரிவிலிருந்து மருந்தகம் வரைக்கும்கூட இராது.

அந்த முதல் நாளைத்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். பயிற்றுநர் கோல்களைத் தரவில்லை. கோல் இருந்தால் அதன்மேல் சாய்வீர்கள், கால் பேச்சைக் கேட்காது என்றார். அடுத்து, வழுக்கவும் கற்றுத் தரவில்லை, விழச் சொன்னார். நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி, பக்கவாட்டில், இடுப்பின் சதைப்பகுதி தரையில் படுமாறு உட்கார்வதுபோல விழ வேண்டும். கையை நீட்டி ஊன்றக் கூடாது. மணிக்கட்டு முறிவது அப்படித்தான். விழுந்தபின் மல்லாந்து படுத்து, இரு கால்களையும் மேலே தூக்கிப் பின்னிக்கொண்ட பலகைகளைப் பிரித்து, ஒரே பக்கமாக இணையாகக் கிடத்த வேண்டும். சரிவாக இருந்தால் பலகைகள் சரிவுக்குக் குறுக்காக அமைய வேண்டும். இல்லையேல் எழும்போதே அவை நழுவி ஓடிவிடும். பின்னர் புரண்டு முழங்காலில் நின்று, ஒரு காலை முன்னே வைத்து, தொடையில் கையை அழுத்தி எழ வேண்டும். முற்பகல் முழுவதும் இதுவே பாடம். எங்களில் மூத்தவர் பதினோராவது முறை விழுந்தபோது நாங்கள் கை கொடுக்க ஓடினோம். பயிற்றுநர் தடுத்துவிட்டு, தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பிற்பகலில் ஒன்றைக் கவனித்தோம். எழத் தெரிந்துவிட்டது என்றானபின் நாங்கள் விழுவதே குறைந்தது. அச்சத்தில் விறைத்து நிற்பவர் முழங்காலை மடக்குவதில்லை. எடையை முன்காலுக்கு மாற்றுவதில்லை. ஆகவே முதலில் விழுகிறார். எழ முடியும் என்று உடல் அறிந்தபின் அந்த விறைப்புத் தளர்கிறது.

அன்றிரவு எங்கள் பேச்சு குல்மார்க்கை விட்டு இராசிபுரம் பக்கம் போயிற்று. எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அங்கிருந்து எங்களிடம் சிகிச்சைக்கு வருவார். ஒரு விடியற்காலையில் கொல்லையில் கால் இடறி விழுந்தார். எலும்பு முறியவில்லை, தலையில் அடியில்லை. ஆனாலும் பால்காரர் வந்து பார்க்கும்வரை இரண்டு மணி நேரம் தரையிலேயே கிடந்தார், எழத் தெரியாமல். நாங்கள் சிகிச்சையளித்து, வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் "மீண்டும் விழாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதினோம். குடும்பத்தார் அதைப் பொன்போலப் போற்றினார்கள். கொல்லைக்குப் போவதைத் தடுத்தார்கள். குளியலறை வரை கைத்தாங்கலாக அழைத்துச் சென்றார்கள். சோறும் கட்டிலுக்கே வந்தது. மூன்று மாதத்தில் தொடைச் சதை கரைந்து, பிடித்துக்கொள்ளாமல் நிற்கவே இயலாதவராய்த் திரும்பி வந்தார். குடும்பத்தார் மீது குறையில்லை. நாங்கள் எழுதியதைத்தான் அவர்கள் செய்தார்கள். விழாதே என்றோம், விழுந்தால் எப்படி எழுவது என்பதைச் சொல்லித் தரவில்லை.

விழுவதைவிட, விழுந்து கிடக்கும் நேரமே பல முதியோருக்குப் பெருங்கேடு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கடினத் தரையில் அசையாமல் கிடந்தால் அழுந்திய தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். தோலில் புண் உண்டாகும். உடலில் நீர் வற்றும். பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் இட்டார்கள். கை, முழங்கால் ஊன்றாமல் எழ முடிந்தவர்களைவிட, மிகவும் தடுமாறியவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு மிகுதியாக இருந்ததென 2012இல் வெளியிட்டார்கள். தடுமாற்றமே இறப்புக்குக் காரணம் என்று இதற்குப் பொருளன்று. தசைவலுவும் சமநிலையும் குறைந்ததற்கு அது ஓர் அடையாளம். நம் தாத்தா பாட்டிமார் நாள்தோறும் பலமுறை தரையில் சம்மணமிட்டு உண்டு எழுந்தார்கள். மேசையும் கட்டிலும் சோபாவும் வந்தபின், ஆண்டுக்கணக்கில் தரையைத் தொடாத உடல்கள் நம் வீடுகளில் பெருகிவிட்டன. மூட்டுவலிக்கு இவ்வசதிகளை வாங்கச் சொன்னவர்களில் நாங்களும் உண்டு.

ஆகவே எங்கள் கருத்து இது: விழுந்து சேர்க்கப்படும் ஒவ்வொரு முதியவருக்கும், இயலுமெனில், தரையிலிருந்து எழும் முறையைக் கற்பிக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முறை கடினமன்று. விழுந்தவுடன் பதறாமல் ஒரு நிமிடம் அப்படியே கிடந்து வலியைக் கவனியுங்கள். வலியில்லையெனில் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கை ஊன்றி, தவழும் நிலைக்கு வாருங்கள். அருகிலுள்ள உறுதியான நாற்காலி வரை தவழ்ந்து சென்று, இருக்கையில் கைகளை வைத்து, வலுவான காலை முன்னே ஊன்றி எழுந்து, திரும்பி உட்காருங்கள். இடுப்பில் கடும்வலியோ, கால் திரும்பியோ குறுகியோ கிடப்பதோ தெரிந்தால் எழ முயல வேண்டாம். தலையில் அடிபட்டு, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவராக இருந்தாலும் அவ்வாறே. 108ஐ அழைக்க வேண்டும். அண்மையில் இதய அறுவை, இடுப்பு மூட்டு அறுவை செய்துகொண்டவர்களும் முதுகெலும்பு முறிந்தவர்களும் எங்களைக் கேளாமல் பயிலக் கூடாது.

இயன்முறைப் பிரிவில் இப்போது தரையில் ஒரு மெத்தை விரித்திருக்கிறோம். இராசிபுரத்து மூதாட்டியும் அதில் பயின்றார். முதல் நாள் கட்டிலிலிருந்து தாழ்வான மணைக்கு, மறுவாரம் மணையிலிருந்து தரைக்கு எனப் படிப்படியாக இறங்கி, ஆறாவது வாரத்தில் நாற்காலியைப் பிடித்துத் தாமே எழுந்தார். அவரைவிட அவர் மகனுக்குத்தான் பயிற்சி கடினமாக இருந்தது. தாய் தடுமாறும்போதெல்லாம் அவர் கை தானாக நீண்டது. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்று அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பயில விரும்புவோர் அடுத்த முறை வரும்போது புறநோயாளர் பிரிவில் தெரிவியுங்கள். தளர்வான உடையில், வீட்டில் உடனிருப்பவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். வீட்டிலோ இங்கோ, பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து மட்டும் எழ முயல வேண்டாம்; அது கவிழும்.