காஞ்சிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு சொல்



தேர்வுகள் முடிந்து பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், நம் இல்லங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. முன்னாளில் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் புகைவண்டியிலும் பேருந்திலும் சென்றவர்கள், இந்நாளில் சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். வழியில் விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். கட்டுச்சோற்றை மரநிழலில் அவிழ்க்கலாம். முதியோரையும் கைக்குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம். இது நல்லதே.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரம், இத்தகைய பயணங்களுக்கு ஏற்ற ஊர். ஆனால் அங்குச் செல்லும் குடும்பங்களின் பட்டியலைப் பாருங்கள். முதலிடம் புகழ்பெற்ற கோயில்களுக்கு, இரண்டாமிடம் பட்டுக்கடைக்கு. அவ்வூரில் வாழும் உறவினரின் பெயரோ, “நேரம் இருந்தால் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்” என்று கடைசியில் நிற்கிறது. நேரமோ ஒருநாளும் இருப்பதில்லை. இந்த வரிசை சரிதானா என்பதையே இம்மாதம் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். இதற்குக் காஞ்சியின் கல்லே ஒரு விடை வைத்திருக்கிறது.

நூறாண்டுப் பகை

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு பல்லவரும், இன்றைய கருநாடகத்திலுள்ள வாதாபியைத் தலைநகராகக் கொண்டு சாளுக்கியரும் ஆண்டனர். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின்மீது படையெடுத்து வந்தான். காஞ்சிக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை எதிர்த்து நின்றான். அவன் மகன் நரசிம்மவர்மன் 642ஆம் ஆண்டில் வாதாபியைக் கைப்பற்றி, “வாதாபி கொண்டான்” என்று பெயர் பெற்றான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தான். தந்தையர் விட்டுச் சென்ற பகையை மக்கள் சொத்தைப்போல் பெற்றுக்கொண்டனர். மன்னர் வீடுகளில் மட்டுமா இது நடக்கிறது?

இந்தப் பகைக்கு நடுவே, 700ஆம் ஆண்டையொட்டி, இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியதே கைலாசநாதர் கோயில். அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். திருச்சுற்றைச் சூழ 58 சிறு கோயில்கள். சில மாடங்களில் பல்லவர் காலத்து வண்ண ஓவியங்களின் எச்சங்களை இன்றும் காணலாம். முன்புறமுள்ள சிறு கோயில்களில் ஒன்றை அரசி இரங்கபதாகை எடுப்பித்தாள். மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் முன்னால் வேறொரு கோயிலைக் கட்டினான். கணவனும் மனைவியும் மகனும் சேர்ந்து செய்த ஒரு குடும்பத்தின் வேலை இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தூணில் எழுதிய செய்தி

ஏறக்குறைய 740ஆம் ஆண்டில் சாளுக்கியர் மறுபடியும் வந்தனர். இம்முறை வந்தவன் இரண்டாம் விக்கிரமாதித்தன். பல்லவ மன்னன் நந்திவர்மன் போரில் தோற்று நகரைவிட்டு அகன்றான். போர்க்களத்தில் யானைகளும் கொடிகளும் மணிகளும் சாளுக்கியன் கைக்கு வந்தன. நகரின் வாயிலும் திறந்து கிடந்தது. வாதாபியின் கணக்கைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல வேளை ஏது?

அவன் காஞ்சியை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலுக்குள் சென்று அதன் செல்வத்தைக் கண்டான். கண்டதைக் கோயிலுக்கே திருப்பித் தந்தான். இச்செய்தியைக் கூறும் கன்னடக் கல்வெட்டு, அக்கோயிலின் முன்மண்டபத் தூண் ஒன்றில் இன்றும் இருக்கிறது. நகரை அழியாமல் காத்ததையும், ஏழைகளுக்கு ஈந்து மகிழ்வித்ததையும் அவன் மகன் காலத்து வக்கலேரிச் செப்பேடும் குறிப்பிடுகிறது.

அவன் வெறுங்கையோடு திரும்பினான் என்றும் சொல்வதற்கில்லை. அவனுடைய அரசி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கைலாசநாதரின் சாயலை அறிஞர் காண்கின்றனர். பொன்னைத் திருப்பித் தந்தவன் அழகை நெஞ்சில் எடுத்துச் சென்றான். பட்டடக்கல் கோயில்கள் 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. காஞ்சியை அவன் கொளுத்தியிருந்தால், இரண்டு ஊர்களுமே ஏழையாகியிருக்கும்.

ஒரு வீட்டுக்குள் நுழைகிறவன் எப்படி நுழையவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடத்தை நான் அறியேன். பகைவன் ஊருக்குள் வந்த மன்னனே எடுப்பதை விட்டுக் கொடுக்க அறிந்திருந்தான். உறவினர் வீட்டுக்குள் நுழையும் நாம் எப்படி நுழைகிறோம்?

கோயிலுக்கு அடுத்த தெரு

கைலாசநாதர் கோயில் இருக்கும் பிள்ளையார்பாளையம், காஞ்சியின் நெசவாளர் வாழும் பகுதி. கோயிலைவிட்டு வெளியே வந்து சிறிது நடந்தால், வீட்டுக்குள்ளிருந்து தறியின் ஓசை காதில் விழும். காலை வேளையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி தோய்த்து நிற்பவர்களையும் காணலாம். மழை வந்தால் அந்த வேலை இல்லை.

காஞ்சிப் பட்டின் சிறப்புக் கோர்வை நெசவு. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் இழையிலும் கோத்து இணைக்கவேண்டும். குழியில் காலை வைத்து மிதிக்கிற நெசவாளருக்கு, கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க மற்றொருவர் பக்கத்தில் வேண்டும். ஒருகாலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர் அமர்ந்திருந்தனர். பலருடைய பள்ளிப்படிப்பு அந்தத் தறிக்குழியிலேயே முடிந்தது. குழந்தைத் தொழிலுக்கு எதிராக 1986ஆம் ஆண்டுச் சட்டமும், அதைக் கடுமையாக்கிய 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தன. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றால், அவர்கள் இடத்தில் மனைவியோ வயதான தாயோ அமரவேண்டியிருக்கிறது.

இங்கேதான் விருந்தாளி கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நெசவாளர் பெறுவது சேலைக்கு இவ்வளவு என்னும் உருப்படிக் கூலி. ஒரு சேலை நெய்து முடிய, வேலைப்பாட்டுக்கு ஏற்பப் பத்து நாளும் ஆகும். இருபது நாளும் ஆகும். நீங்கள் முன்னறிவிப்பின்றி எட்டுப்பேராய் வந்து இறங்கினால், வீட்டுப் பெண் அடுப்பங்கரைக்குப் போகிறாள், கரை நாடாவைத் தள்ள ஆள் இல்லை, தறி நின்றுவிடுகிறது. அவர்கள் முகம் மலர்ந்து, “வாங்க, வாங்க” என்றுதான் சொல்வார்கள். அந்தப் பகலின் கூலி போனதை ஒருநாளும் சொல்லமாட்டார்கள்.

மற்றொன்றும் உண்டு. “உங்கள் வீட்டுத் தறிதானே, விலையைக் குறைத்து ஒரு சேலை தாருங்கள்” என்று கேட்பவர்களை அறிவேன். பட்டு நூலும் சரிகையும் பெரும்பாலும் நெய்பவருடைய உடைமை அல்ல. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ எடைபோட்டுத் தருகிறார்கள். சேலை முடிந்ததும் எடை பார்த்தே வாங்குகிறார்கள். அவரிடம் இல்லாத ஒன்றைக் கேட்டு, உறவின் பெயரால் அவரைத் தலைகுனிய வைக்கிறோம். சேலை வேண்டுமானால் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்தில் உரிய விலை கொடுத்து வாங்குங்கள். காஞ்சிபுரம் பட்டு 2005-06ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவது சரியான கூலி ஒன்றே.

செபமாலை திரும்பிய கதை

நம் பங்குக் குடும்பம் ஒன்றில் நடந்ததை, அவர்கள் இசைவோடு பெயர் குறிக்காமல் சொல்கிறேன். குடும்பத்தலைவரின் அண்ணன் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறார். தாயார் இறந்தபின் வீட்டுப் பாகத்தில் மனவேறுபாடு எழுந்து வழக்கு வரை சென்றது. பதினோர் ஆண்டுகள் பேச்சில்லை. சென்ற ஆண்டு விடுமுறையில் தம்பி தம் மனைவி மக்களோடு காஞ்சிக் கோயில்களைக் காணப் போனார். பட்டியலில் அண்ணன் வீடு கடைசியிலும் இல்லை.

கைலாசநாதர் கோயிலில் விக்கிரமாதித்தன் கதையைக் கேட்ட இளைய மகள், வெளியே வந்ததும், “பெரியப்பா வீடு இந்தத் தெருப்பக்கம்தானே, அப்பா?” என்று கேட்டிருக்கிறாள். தந்தையால் விடை சொல்ல முடியவில்லை. தாயோ தம் கைப்பையைத் திறந்து, மாமியாரின் பழைய செபமாலையை எடுத்திருக்கிறார். அடக்கத்தன்று அவசரத்தில் இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்ட பொருள் அது. பெரியவர் அதைத் தேடினார் என்பது பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் அதை அவர் கொண்டுவந்திருந்தார்.

அவர்கள் வாசலில் நின்றபோது அண்ணன் தறிக்குழியில் இருந்தார். குழியிலிருந்து விரைவில் எழ முடியாது அல்லவா? “உள்ளே வா, தம்பி. பாவு அறுந்துவிடாமல் பார்த்து வா” என்றாராம். பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு பேசிய முதற்சொல் அது. அண்ணியார் எழப்போனபோது, “நீங்கள் இருங்கள் அக்கா, காபி நான் போடுகிறேன்” என்று தம்பி மனைவி அடுப்பங்கரைக்குச் சென்றார். தறி நிற்கவில்லை. செபமாலை தாயாரின் படத்துக்குக் கீழே தன் இடத்தை அடைந்தது.

வீட்டுப் பாகம் இன்றும் பிரியவில்லை. ஆனால் இப்போது அதைப்பற்றி அண்ணனும் தம்பியும் பேசுகிறார்கள். முன்பு வழக்கறிஞர்கள் மட்டுமே பேசினார்கள்.

யாக்கோபு நெடுங்காலத்துக்குப் பின் ஏசாவைச் சந்திக்க அஞ்சி அஞ்சிச் சென்றதையும், ஏசா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டதையும் தொடக்க நூலில் படிக்கிறோம். அன்னை மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். சென்றவர்கள் இருவரும் எதையும் பெறுவதற்காகச் செல்லவில்லை.

புறப்படுமுன்

ஒரே நாளில் எல்லாக் கோயில்களையும் ஓடி ஓடிப் பார்க்கவேண்டாம். பல கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் திறக்கின்றன. காலையில் கைலாசநாதர், பகலில் உறவினர் வீடு, மாலையில் வைகுந்தப் பெருமாள் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போரில் தோற்ற நந்திவர்மன் நகரை மீட்டு, 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு, கட்டிய கோயில் அது. அதன் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறே சிற்பமாக ஓடுகிறது. அரசனின்றி நின்ற காஞ்சியிலிருந்து பெரியோர் சென்று, அரச மரபின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் வாரிசு கேட்டனர். மூத்த மூவர் மறுக்க, பன்னிரண்டு வயதுக் கடைசி மகன், “நான் போகிறேன்” என்றான். அவனே நந்திவர்மன். தொலைவில் வாழ்ந்த உறவுக்கிளையே ஓர் அரசைக் காத்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நேரமிருந்தால் கிருஷ்ணதேவராயர் 1509இல் எடுப்பித்த ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரத்தையும், அறிஞர் அண்ணா வாழ்ந்த நினைவு இல்லத்தையும் காணலாம்.

சில கோயில்களில் பிற சமயத்தார் கொடிமரத்துக்கு அப்பால் செல்லலாகாது என்று அறிவிப்பு இருக்கும். வாதிடாமல் அங்கேயே நில்லுங்கள். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திரு அவை தள்ளிவிடுவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. மதிப்போடு நிற்பதும் விருந்தாளியின் கடமையே. மணற்கல் சிற்பங்களைத் தொடவேண்டாம். நெசவாளரைக் கேளாமல் கைப்பேசியில் படம் எடுக்கவேண்டாம்.

உறவினருக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். உணவை நீங்களே கொண்டுசென்று அவர்களோடு பகிர்ந்து உண்ணுங்கள். கட்டாயம் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள்: வாங்கி மறந்த கடனாகட்டும், பேசாமல் விட்ட நன்றியாகட்டும், நெடுநாள் அடக்கிவைத்த மன்னிப்பாகட்டும். திருமணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கூடுகிற உறவு, ஒருநாள் சாவுக்கு மட்டுமே கூடும் உறவாகிவிடும்.

இவ்விடுமுறைப் பட்டியலை எழுதும்போது, கடைசியில் நிற்கும் அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள். உங்கள் பயணம் நலமாக அமைக!