சொல்லிவிட்டு வரும் காற்று

சாந்தோமில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம், மொட்டை மாடியில் கடற்காற்று இலவசம். அசௌகரியம், காயப்போட்ட வேட்டி பக்கத்துத் தெருவில் கிடைக்கும்.

போன வாரம் அப்படி வேட்டி தேடிக்கொண்டிருந்தபோது கோவையிலிருந்து சித்தப்பா பையன் போன் செய்தான். லேத் பட்டறை வைத்திருந்தவன். 'இருந்தவன்' ஆனது 2012-ல். அந்த வருஷம் சென்னைக்கு தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. நாம் பனியனோடு மாடியில் நின்று புலம்பினோம். கோவையில் பத்து மணி நேரத்துக்கும் மேல். "ஆர்டர் இருக்குது, ஆளு இருக்குது, கரன்ட்தானுங்ணா இல்லே" என்றவன், கடைசியில் லேத்தையே விற்றுவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால், காற்றாலையில் அன்றைக்கே இந்தியாவில் நாம்தான் நம்பர் ஒன். முப்பந்தல் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் எப்போது, எவ்வளவு என்று சொல்லாது. மின்சாரத்தை அரிசி மாதிரி மூட்டை கட்டி வைப்பதும் சுலபமில்லை. வரவும் செலவும் அந்தந்த நிமிஷமே சரியாக இருக்க வேண்டும். திடீரென்று காற்று எகிறினால், "காற்றாடியை நிறுத்து" என்பார்கள். அத்தனையும் வீண்.

என் மனைவி விருந்தாளிகளைப் பற்றிச் சொல்வதும் இதுதான்: "முன்னாடியே ஒரு போன் பண்ணினா என்னவாம்? சோறு வடிச்சப்புறம் அஞ்சு பேர் வந்து நின்னா நான் என்ன செய்ய?"

அந்த போன் நம்ம பள்ளிக்கரணையிலிருந்து வந்தது. அங்கேயுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம், 2015-ல் ஒரு ஸ்பெயின் கம்பெனியோடு சேர்ந்து, தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தது. மின்சாரக் கணக்கில் ஒரு நாள் என்பது கால் மணி நேரமாக 96 துண்டுகள். வானிலைக் கணக்கையும் காற்றாலைக் கணக்கையும் கம்ப்யூட்டரில் போட்டுத் துண்டு துண்டாகச் சொல்கிறார்கள். புதிதாக ஒரு காற்றாடிகூட நடாமல், இருக்கிற காற்று இன்னும் கொஞ்சம் லேத்துக்குப் போய்ச் சேரும். பொருளாதார வளர்ச்சி என்று பெரியவர்கள் சொல்வதன் அடிமட்டம் இதுதான்.

இது இருந்திருந்தால் 2012 வந்தே இருக்காது என்று கதை விடமாட்டேன். காற்றே இல்லாத நவம்பரில் கம்ப்யூட்டர் ஊதவா முடியும்? அதற்கு வேறு மின் நிலையங்கள், லைன்கள், பேட்டரிகள் எல்லாம் வேண்டும்.

போன் எதற்கு என்கிறீர்களா? "மறுபடியும் ஒரு சின்ன லேத் போடலாம்னு இருக்கேனுங்ணா. பேங்க் லோனுக்கு நீங்க ஜாமீன் கையெழுத்துப் போடோணும்."

போட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். மனைவியிடம்தான் இன்னும் முன்கூட்டியே சொல்லவில்லை.